ஏர் பிஸ்டல் சுடுதலில் நிற்கும் முறையும் பிடியும்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்கான இலக்கு அட்டை 17 சென்டிமீட்டர் சதுரமானது. அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சுடும் பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விளிம்பு வட்டக் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், அதன் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். அதற்குமேல் ஒவ்வொரு 8 மில்லிமீட்டர் விலகலுக்கும் ஒரு புள்ளி குறையும். துப்பாக்கியை ஒரே கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் பிடித்துச் சுட வேண்டும் என்பது சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதி. துப்பாக்கியின் எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். விசை (டிரிக்கர்) குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களில் 60 முறை சுட வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இப்போட்டி அறிமுகமானது. பெண்களுக்கு நெடுங்காலம் 40 ஆக இருந்த சுடும் எண்ணிக்கை 2018 முதல் 60 ஆனது.

நீட்டிய கையில் ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு இந்தச் சிறிய வட்டத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தெரிவது தன் கையின் நடுக்கம்தான். புதிதாகப் பழகுபவர் அந்த நடுக்கத்தை நிறுத்துவதே பயிற்சியின் நோக்கம் என்று எண்ணிக் கைப்பிடியை மேலும் மேலும் இறுக்குகிறார். தொடக்க நிலையில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவரின் கையும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. அவருடைய தேர்ச்சி, அந்த அசைவு எப்போதும் ஒரே சிறு பரப்புக்குள் அடங்குவதிலும், ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும் துப்பாக்கி அதே இடத்துக்கு வந்து நிற்பதிலும் இருக்கிறது. நிற்கும் முறையையும் பிடியையும் இந்த நோக்கில் பார்த்தால்தான் அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளின் காரணம் விளங்கும்.

அசைவில் இரண்டு வகை உண்டு. கையும் துப்பாக்கியும் சேர்ந்து இணையாக இடம் பெயர்வது ஒன்று. மணிக்கட்டு மடிந்தோ கைப்பிடிக்குள் அழுத்தம் மாறியோ துப்பாக்கியின் திசை திரும்புவது மற்றொன்று. துப்பாக்கி முழுவதும் இணையாக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் பெல்லட்டும் இலக்கில் 5 மில்லிமீட்டர்தான் நகரும். பத்துப் புள்ளி கைநழுவாது. திசை திரும்பும்போது கணக்கு மாறிவிடுகிறது. குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் என்று கொண்டால், பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்லட் 31 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். பத்துக்குள் இருக்க வேண்டுமானால் முன் சைட் கால் மில்லிமீட்டருக்குமேல் விலகக் கூடாது. தோளிலிருந்தும் காலிலிருந்தும் வரும் ஆட்டத்தைக் காட்டிலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் ஏற்படும் சிறு திருப்பம் பல மடங்கு கேடு செய்கிறது என்பதே இதன் பொருள். இறுதிச் சுற்றில் புள்ளிகள் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படுவதால் அளவுகள் இன்னும் சுருங்குகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றபோது, அவருக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.1. இலக்கில் அது 0.8 மில்லிமீட்டர், முன் சைட்டில் பார்த்தால் ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை.

அசைவின் மூலங்கள் பல. நிமிர்ந்து நிற்கும் உடல் கணுக்காலை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னுமாகச் சிறிது ஆடிக்கொண்டே இருக்கிறது. உள்காதும் கண்ணும் பாதமும் தரும் செய்திகளைக் கொண்டு தசைகள் அதை இடைவிடாமல் திருத்துகின்றன. மூச்சு மார்பையும் தோளையும் ஏற்றி இறக்குகிறது. இதயத்துடிப்பு கைவரை எட்டுகிறது. இவற்றோடு, வேலை செய்யும் எந்தத் தசைக்கும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரையிலான இயற்கையான நடுக்கம் உண்டு. களைப்பும் பதற்றமும் மிகை அழுத்தமும் அதைப் பெருக்குகின்றன. நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு, இவ்வகை மருந்தான புரோபிரனலால் உட்கொண்டது கண்டறியப்பட்டுத் தம் இரு பதக்கங்களையும் இழந்தார்.

நிற்கும் முறை

நிலை காலிலிருந்து தொடங்குகிறது. பாதங்களுக்கிடையே ஏறத்தாழத் தோளளவு இடைவெளி போதும். இடைவெளி மிகக் குறைந்தால் பக்கவாட்டு ஆட்டம் கூடும். மிக அகன்றால் இடுப்பும் தொடையும் விறைத்துக்கொள்ளும். இரு கால்களிலும் எடை சமமாக இறங்க வேண்டும். முழங்கால் நேராக இருக்கலாம், ஆனால் பின்னோக்கி இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கக் கூடாது. கணுக்கால் எலும்பை மூடும் உயரமான காலணிக்கு இப்போட்டியில் அனுமதி இல்லை. தட்டையான, மெத்தென்று அமுங்காத அடிப்பகுதி கொண்ட சாதாரணக் காலணியே ஏற்றது. தடித்த மென்நுரை வைத்த ஓட்டக் காலணி பாதத்தின் உணர்வை மழுங்கச் செய்யும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இலக்கை நோக்கி உடலை எவ்வளவு திருப்பி நிற்பது என்பதில் கருத்து வேறுபாடு நெடுநாளாக உண்டு. முழுக்கப் பக்கவாட்டில் நின்றால் கையும் இரு தோள்களும் ஒரே கோட்டில் அமைந்து, கையின் எடை எலும்புக் கூட்டின் மீது நன்றாக இறங்கும். ஆனால் தலையை முற்றிலும் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருப்பதால் கழுத்து இறுகும், கண் ஓரப் பார்வை பார்க்கும். இலக்கை நோக்கி அதிகம் திரும்பி நின்றால் கழுத்துக்கு எளிது. அப்போது கையைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கும் வேலை மார்புத் தசைக்கும் தோள் தசைக்கும் கூடுகிறது. தேர்ந்த வீரர்களிடையே இரண்டு கோடிகளுக்கும் இடைப்பட்ட எல்லாக் கோணங்களையும் காண முடிகிறது. கழுத்து இறுகாமல் எந்த அளவு பக்கவாட்டில் நிற்க முடிகிறதோ அந்த அளவில் தொடங்குவதே புதியவருக்குப் பொருத்தம். பெரிய வீரர் ஒருவரின் கோணத்தை அப்படியே படியெடுப்பதில் பயன் இல்லை. கழுத்தின் நீளமும் தோளின் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும்.

கோணத்தைவிட முக்கியமானது, கை தானாக எங்கே போய் நிற்கிறது என்பது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இலக்கைப் பார்த்தபடி கையைத் தூக்கிக் கண்ணை மூட வேண்டும். இரண்டு மூன்று மூச்சு விட்டு, தோளைத் தளர்த்தி, மீண்டும் கண்ணைத் திறக்க வேண்டும். துப்பாக்கி இலக்கின் நேர்கீழே நின்றால் நிலை சரி. வலக்கையால் சுடுபவருக்கு அது வலப்பக்கம் விலகி நின்றால், பின்னால் இருக்கும் இடது பாதத்தைச் சற்று வலப்பக்கம் நகர்த்த வேண்டும். இடப்பக்கம் விலகினால் இடப்பக்கம். உடல் முழுவதும் முன்பாதத்தை அச்சாகக் கொண்டு திரும்ப, கையும் கூடவே திரும்பிவிடும். புதியவர்கள் பாதத்தை விட்டுவிட்டுக் கையையே இலக்குக்கு இழுத்து நிறுத்துகிறார்கள். அப்படி இழுத்துப் பிடித்த தசை, விசை விடுபடும் நொடியில் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். பெல்லட்டும் அந்தத் திசையிலேயே விலகும். கையின் இயல்பான திசையை இலக்கோடு பொருத்துவதற்குச் செலவிடும் ஐந்து நிமிடம், புதியவர் செய்யக்கூடிய வேறெந்தத் திருத்தத்தைக் காட்டிலும் அதிகப் பலன் தரும். சரியான இடம் கிடைத்ததும் தரையில் பாத எல்லையைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் பயிற்சிக் காலத்துக்கு மிக உகந்தது.

நீட்டிய கையின் எடையும் துப்பாக்கியின் எடையும் சேர்ந்து உடலின் எடைமையத்தை இலக்கின் பக்கம் இழுக்கின்றன. அதை ஈடுசெய்ய மேலுடல் சிறிதளவு பின்னுக்குச் சாய்கிறது. இந்தச் சாய்வு இயல்பாக அமைய வேண்டும்; வலிந்து சாய்ந்தால் சுமை முழுவதும் கீழ்முதுகில் இறங்கும். வளரும் பிள்ளைகளிடம் பயிற்சியாளர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

துப்பாக்கி பிடிக்காத கைக்கும் ஓர் இடம் வேண்டும். தொங்கவிட்டால் அது ஆடும், தோளையும் ஆட்டும். கால்சட்டைப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ அதைப் பொருத்தி வைப்பது இதற்காகவே. பாரிஸில் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் திகெச், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு சுட்ட படம் உலகெங்கும் பரவியபோது பலர் அதை அலட்சியத்தின் அழகு என்று கொண்டாடினார்கள். உண்மையில் அது ஒவ்வொரு பயிற்சியகத்திலும் முதல் வாரத்தில் கற்பிக்கப்படும் ஒழுங்கு.

திகெச் இரு கண்களையும் திறந்து வைத்துச் சுடுபவர். ஒரு கண்ணை இறுக மூடினால் முகத் தசை முழுவதும் இறுகி, திறந்திருக்கும் கண்ணும் களைப்படையும். இரு கண்ணாலும் பார்க்கும்போது காட்சி இரட்டையாகத் தெரிபவர்கள், குறிபார்க்காத கண்ணுக்கு முன் 30 மில்லிமீட்டர் அகலம் வரையிலான மறைப்பு ஒன்றை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. வலக்கைப் பழக்கம் உள்ள சிலருக்கு இடக்கண் மேலோங்கியிருக்கும். மறைப்பு வைத்துச் சமாளிப்பதா, இடக்கைக்கே மாறிவிடுவதா என்ற கேள்வி அவர்களுக்கு எழும். சுடத் தொடங்கி ஓரிரு வாரமே ஆனவர் கை மாற்றிப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை. ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரொய் தகாச், 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்த பிறகு இடக்கையால் சுடக் கற்றுக்கொண்டு, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். கைப்பழக்கத்தைப் புதிதாகக் கட்டியெழுப்ப முடியும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

பிடி

தோள் தாழ்ந்தும் முழங்கை நேராகவும் இருக்க, மணிக்கட்டு ஒரே கோணத்தில் உறுதியாக நிற்க வேண்டும். அந்த உறுதியைக் கையே தர வேண்டும். கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கும்படி நீளக் கூடாது. சுடும் கையில் கைக்கடிகாரம், காப்பு, பட்டை எதற்கும் அனுமதி இல்லை.

துப்பாக்கியைக் கையில் எடுக்கும் விதமே பிடியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. குழல் இலக்கின் திசையிலேயே இருக்க, மற்றக் கையால் துப்பாக்கியின் முன்பகுதியைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைச் சுடும் கைக்குள் பொருத்த வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவை, கைப்பிடியின் பின்புறத்தில் எவ்வளவு உயரத்தில் அமர முடியுமோ அவ்வளவு உயரத்தில் அமர வேண்டும். குழலின் கோடும் முன்கையின் கோடும் ஒன்றாக அமைந்தால், சுட்டதும் ஏற்படும் சிறு உதைப்பு நேராகப் பின்னோக்கி வந்து துப்பாக்கியை மீண்டும் அதே இடத்தில் விடும். சுட்டுவிரல் விசைக்கு வெளியே, சட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். சுடுதளத்தில் இது முதல் பாதுகாப்பு விதியும்கூட.

அழுத்தம் தர வேண்டியவை நடுவிரலும் மோதிர விரலும். அவை கைப்பிடியை நேராகப் பின்னோக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதியை நோக்கி இழுக்கின்றன. சுண்டுவிரல் கூடவே தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அது இறுகினால் குழல்முனை தாழும். கட்டைவிரல் தன் மேடையில் சும்மா ஓய்ந்திருக்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்ற கேள்விக்கு எடைக்கணக்கில் விடை கிடையாது. ஒவ்வொருவரும் தமக்கான அளவைக் கண்டறிய ஒரு சோதனை உதவும்: குழல்முனை வெளிப்படையாக நடுங்கத் தொடங்கும்வரை பிடியை இறுக்கி, நடுக்கம் அடங்கும் இடம்வரை மெல்லத் தளர்த்த வேண்டும். அந்த இடமே அவருடைய அளவு. அதைவிடத் தளர்ந்தால், விசையை இழுக்கும் விரலின் அசைவு துப்பாக்கியைத் திருப்பிவிடும். அளவு கிடைத்த பின் அறுபது முறையும் அதே அழுத்தம் இருக்க வேண்டும் என்பதுதான் கடினம். அளவு சற்று முன்பின் இருந்தாலும் மாறாமல் இருப்பவரின் பெல்லட்டுகள் ஓரிடத்தில் கூடும். மிகச் சரியான அளவை ஒருமுறை பிடித்து மறுமுறை விடுபவரின் பெல்லட்டுகள் சிதறும்.

கைப்பிடியின் வடிவம் இங்கே பெரும் பங்கு வகிக்கிறது. ஸ்டெயர், மொரீனி, வால்தர், பர்தீனி, ஃபைன்வெர்க்பாவ் போன்ற நிறுவனங்களின் போட்டித் துப்பாக்கிகளில், உள்ளங்கையின் வடிவுக்கேற்பச் செதுக்கிய கைப்பிடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது எனப் பல அளவுகளில் கிடைக்கின்றன. கையின் கீழ் விளிம்பைத் தாங்கும் பலகையை மேலும் கீழும் நகர்த்தலாம். அது கையைச் சூழ்ந்து மேல்நோக்கி வளைந்திருக்க மட்டும் விதி இடம் தராது. பலகையை மிக இறுக்கமாக ஏற்றி வைப்பது பரவலான தவறு. கை அதற்குள் அடைபட்டு, இரத்த ஓட்டம் குறைந்து, அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். பல வீரர்கள் தச்சர்கள் பயன்படுத்தும் பட்டியை இடைவெளிகளில் பூசியும், அழுத்தும் இடங்களை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தும் தங்கள் கைக்கு ஏற்றபடி கைப்பிடியை மாற்றிக்கொள்கிறார்கள். பயிற்சியகத்தின் பொதுத் துப்பாக்கியில் பழகும் மாணவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. சிறிய கையும் பெரிய கைப்பிடியும் சேர்ந்தால் சுட்டுவிரல் விசையை எட்டுவதற்காகக் கை முழுவதும் திரும்பிக்கொள்ளும். அந்த மாணவரின் சிதறலுக்கு அவருடைய கவனக்குறைவைக் காரணம் காட்டுவது அநியாயம். விலையுயர்ந்த துப்பாக்கியைப் பற்றி யோசிக்கும் முன், மாணவரின் கைக்கு அளவான கைப்பிடி கிடைப்பதைப் பெற்றோரும் பயிற்சியாளரும் உறுதிசெய்ய வேண்டும்.

கைப்பிடி பொருந்தியிருக்கிறதா என்பதையும் கண்ணை மூடிச் சோதிக்கலாம். மூடிய கண்ணோடு கையைத் தூக்கிப் பிறகு திறக்கும்போது, முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் சம உயரத்தில் தெரிய வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் விலகித் தெரிந்தால் கைப்பிடியின் சாய்வையோ திருப்பத்தையோ மாற்ற வேண்டும். மணிக்கட்டை வளைத்து அதைச் சரிசெய்யும் பழக்கம் வேரூன்றிவிட்டால் பிறகு களைவது அரிது.

விசையை இழுக்கும் விரல் மற்ற விரல்களிடமிருந்து தனித்து இயங்க வேண்டும். விரல் நுனிக்கும் முதல் கணுவுக்கும் இடைப்பட்ட சதைப்பகுதி விசையில் படிந்து, நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். விரலின் பக்கவாட்டு எந்த இடத்திலும் கைப்பிடியை உரசக் கூடாது. புதியவர்கள் சைட்டுகள் சரியாகத் தெரியும் கணத்தைப் பிடித்துவிடும் ஆவலில், விசையோடு சேர்த்துக் கை முழுவதையும் இறுக்குகிறார்கள். வலக்கையால் சுடுபவருக்கு அப்போது பெல்லட் பெரும்பாலும் கீழ் இடப்பக்கம் போகும். கட்டைவிரல் அழுத்தினால் வலப்பக்கமும், உள்ளங்கையின் அடிப்பகுதி தள்ளினால் மேல்பக்கமும் போவது வழக்கம். இத்தகைய தவறுகளைத் திசைவாரியாகக் காட்டும் வட்ட வரைபடம் பல சுடுதளங்களில் ஒட்டப்பட்டிருக்கிறது. பெல்லட்டுகள் ஓரளவு ஒரே இடத்தில் கூடத் தொடங்கிய பிறகே அந்த வரைபடம் உதவும். எல்லாப் பக்கமும் சிதறுபவர் அதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைத் திருத்த முனைந்தால் குழப்பமே மிஞ்சும்.

இரு கைப் பிடி

திரைப்படங்களிலும் காவல்துறைப் பயிற்சியிலும் காணப்படும் இரு கைப் பிடி வேறொரு தேவைக்குப் பிறந்தது. வெடிமருந்துத் துப்பாக்கியின் உதைப்பைத் தாங்கி விரைவாக அடுத்தடுத்துச் சுட வேண்டிய இடத்தில் ஒற்றைக் கை போதாது. 1950களில் கலிஃபோர்னியாவில் நடந்த போட்டிகளில், லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் காவல் அதிகாரி ஜாக் வீவர், ஒரு கை துப்பாக்கியை முன்னே தள்ள மறு கை பின்னே இழுக்கும் முறையைக் கையாண்டு வென்றார். துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் அதை எழுதியும் கற்பித்தும் பரப்பினார். உடல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முழங்கைகள் மடிந்திருப்பது அதன் அடையாளம். இரு கைகளையும் சமமாக நேரே நீட்டி முக்கோணம்போல் நிற்கும் முறை, 1980களில் பிரையன் ஈனஸ், ராப் லேதம் ஆகியோரின் வெற்றிகளுக்குப் பின் செயல்முறைச் சுடுதல் போட்டிகளில் மேலோங்கியது. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் இரண்டுக்கும் இடமில்லை. இருந்தாலும் கைவலு போதாத சிறுவர்களைத் தாங்கியின் மீது கையை வைத்தும், இரு கையால் பிடிக்கச் செய்தும் முதலில் சுடப் பழக்கி, பிறகு ஒற்றைக் கைக்குக் கொண்டுவருவது நல்ல முறை. சைட்டையும் விசையையும் கற்கும்போது கைக்களைப்பு குறுக்கிடாது.

பழகும் விதம்

கையை இலக்கின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே தூக்கி, மூச்சை இழுத்து, மெல்ல வெளிவிட்டபடி குறிபார்க்கும் இடத்துக்கு இறக்கி, மூச்சை இடையில் நிறுத்திச் சுடுவது பொதுவான ஒழுங்கு. குறிபார்க்கும் இடம் இலக்கிலுள்ள கறுப்பு வட்டத்தின் நடு அன்று. வட்டத்துக்குக் கீழே வெள்ளைப் பரப்பில் ஒரு பகுதியையே பெரும்பாலோர் கொள்கிறார்கள். கண்ணின் கூர்மை முன் சைட்டில் இருக்க, இலக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். கை இறங்கி நிலைத்த பிறகு அசைவு மிகச் சிறிதாக இருக்கும் காலம் சில நொடிகளே. எட்டுப் பத்து நொடிக்குள் விசை விடுபடாவிட்டால் கண்ணும் கையும் தளர்ந்துவிடும். கையை இறக்கி மறுபடி தொடங்க வேண்டும். போட்டியிலும் இதற்குத் தடையில்லை. 75 நிமிடத்தை அறுபதால் வகுத்தால் ஒவ்வொரு முறைக்கும் ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது. புதியவர்களுக்குக் குறைவது நேரம் அன்று, கையை இறக்கும் மனத்துணிவு.

பெல்லட் இல்லாமல் சுடும் டிரை ஃபயரிங் பயிற்சிக்கெனப் போட்டித் துப்பாக்கிகளிலேயே ஏற்பாடு இருக்கிறது. குழலில் எதுவும் இல்லை என்பதைச் சரிபார்த்து, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி இதைச் செய்யும்போது இலக்கின் ஆசை இல்லாததால் கவனம் முழுவதும் சைட்டிலும் பிடியிலும் நிற்கும். விசை விடுபடும் கணத்தில் முன் சைட் துள்ளுகிறதா என்பது உடனே தெரியும். விடுபட்ட பிறகும் ஓரிரு நொடி அதே நிலையில் நின்று பார்ப்பது அவசியம். பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே கை தளர்ந்தால் அதுவரை செய்தது வீணாகும். சுடாமல் கையை நீட்டி வைத்திருக்கும் பயிற்சியைத் துப்பாக்கியின் எடையிலேயே செய்ய வேண்டும். கனமான எடைகளைத் தூக்கி நிற்பது மூட்டை நோகச் செய்து பிடியையும் மாற்றிவிடும்.

நிலையிலோ பிடியிலோ செய்யும் திருத்தத்தை ஒரு முறை சுட்டுப் பார்த்து மதிப்பிட முடியாது. பத்துப் பெல்லட்டுகளைச் சுட்டு அவை எவ்வளவு பரப்பில் கூடியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பாதம், கைப்பிடிப் பலகை, அழுத்தம் ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த பத்தோடு ஒப்பிட வேண்டும். பரப்பு சுருங்கினால், அது இலக்கின் மையத்திலிருந்து விலகியிருந்தாலும் திருத்தம் சரியானதே. அதை மையத்துக்குக் கொண்டுவருவது பின் சைட்டின் திருகுகளுடைய வேலை. பரப்பு அகன்றே இருக்கும் நிலையில் அந்தத் திருகுகளைத் தொடக் கூடாது.